ஒரு கடைக்கு மூன்று முகவரி

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் பதில் சொல்வதற்குள் எனக்கே அலுத்துவிடுகிறது. வெப்சைட் போட்டுக் கொடுக்கிறேன் என்றால், "அப்படியா, எங்க மாமியாருக்கு ரேஷன் கார்டுல வயசு தப்பா இருக்கு, மாத்திக் குடுத்துடறியா?" என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவள் ஒருத்தி அகப்பட்டுவிட்டால் கரன்ட் பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாம் அவள் தலையில்தான் விடியும். பழகிவிட்டது.

மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தால் மத்தியானம் வரை வீட்டில் கரண்டி கீழே விழக்கூடாது. போனில் பேச வேண்டியதையெல்லாம் பின்பக்கம், துணி காயப்போடுகிற இடத்தில் நின்றுதான் பேசுவேன். தேடுபொறியில் உங்கள் கடை ஏன் முதலில் வரவில்லை என்று ஒருவருக்குத் தாழ்ந்த குரலில் விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பிழைப்பு. எதிர்முனையில் இருப்பவர் நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு முந்திரிக் கடை. கடை என்றால் போர்டு மாட்டிய கடை இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்னறையில் இருந்து நடந்த வியாபாரம். அப்பா ரிடையர் ஆகிற வரை நானும் குவார்ட்டர்ஸ் பெண்தான். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது எதிர் குவார்ட்டர்ஸுக்குப் புதுப்பெண்ணாக வந்தவர்தான் அந்தக் கடையை நடத்திய அக்கா. முத்தாண்டிக்குப்பம் பக்கம் பிறந்த ஊர். அண்ணன் தம்பிகளுக்கு முந்திரித் தோப்பு உண்டு. பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனபிறகு, ஊரில் இருந்து பருப்பு வரவழைத்து, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு, சென்னைக்கும் பெங்களூருக்கும் கூரியரில் அனுப்ப ஆரம்பித்தார். வெப்சைட் நான்தான் போட்டுக் கொடுத்தேன். வெளியூரில் யாராவது போனில் பண்ருட்டி முந்திரி என்று தேடினால் அக்கா கடை முதல் வரிசையில் வந்து நிற்கும். அப்படி ஒரு காலம் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். மைன்ஸில் பர்மனென்ட். அவருக்கு ரிடையர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். காலி செய்துவிட்டு எங்கே போவது என்பதில்தான் அந்த வீட்டில் சண்டை. மகன் ஓசூரில் இருந்தான். அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வேறு. ரெண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று வாரம் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு அதில் ஆசைதான். அக்காவுக்கு முத்தாண்டிக்குப்பத்தில் இவர்கள் கட்டிப் போட்டிருந்த சின்ன வீட்டுக்குப் போய் வியாபாரத்தைத் தொடர வேண்டும்.

"பேரப்புள்ள மேல எனக்கு ஆச இல்லன்னு நெனக்காத," என்று என்னிடம் சொன்னார். "ஆனா அங்க போனா மூணாவது மாடியில புள்ளயப் பாத்துகினு, அவங்க வர்ற வரைக்கும் கதவத் தொறக்காம கெடக்கணும். இத்தினி வருசம் அவரு ஷிஃப்ட்டுக்கு நா எழுந்தன், அவரு ஷிஃப்ட்டுக்கு நா படுத்தன். இந்த யாவாரம் ஒண்ணுதான் நானா ஆரம்பிச்சது."

அண்ணன் ஒரு முடிவு சொல்லியிருந்தார். "யாவாரம் ஓடுதான்னு பாப்போம். ஓடிச்சின்னா முத்தாண்டிக்குப்பம். இல்லன்னா மூட்டையக் கட்டிகினு ஓசூரு." நியாயமாகத்தான் பட்டது, அக்காவும் ஒத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் ஆர்டர் குறைய ஆரம்பித்திருந்தது. தேடினால் அக்கா கடை முதல் பக்கத்தில் இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனால் எங்கேயோ பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது.

என்னவென்று உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தபிறகு தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரே கடைக்கு மூன்று முகவரிகள் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தன. துணிப்பை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அண்ணன் மூன்று டபிள்யூ வைத்து அச்சடித்திருந்தார். அக்கா வாடிக்கையாளர்களுக்கு மெசேஜில் அனுப்புவது டபிள்யூ இல்லாத வெறும் பெயர். மூன்றாவதுதான் வேடிக்கை. கடை ஆரம்பித்த காலத்தில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியிலும் பிளாக் நம்பரையும் குவார்ட்டர்ஸ் நம்பரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றிருந்தார். டவுன்ஷிப்பில் ஆளுக்குப் பெயர் கிடையாது. எட்டாம் பிளாக் டீச்சர், பதினாறாம் பிளாக் பால்காரர் என்றுதான் சொல்வோம். பிளாக் நம்பர் இல்லாவிட்டால் எவன் கண்டுபிடித்து வருவான் என்பது அவர் கேள்வி. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், அவர் கேட்கவில்லை. சமையல் குறிப்பு எழுதும் இரண்டு மூன்று பேர் தங்கள் பக்கத்தில் அந்த பிளாக் நம்பர் முகவரியைத்தான் போட்டு, இங்கே வாங்கலாம் என்று சிபாரிசு செய்திருந்தார்கள்.

மூன்றும் திறந்தன. மூன்றும் அதே கடையைத்தான் காட்டின. மனிதருக்கு அதில் தொந்தரவு ஒன்றும் இல்லை. தேடுபொறிக்கு ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு இடம். மூன்று இடத்திலும் ஒரே படம், ஒரே வாசகம். எது அசல், எது நகல் என்று அதற்குத் தெரிவதில்லை. ஒருவர் செய்த சிபாரிசு ஒன்றுக்குப் போகிறது, இன்னொருவர் செய்தது இன்னொன்றுக்குப் போகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கில் விழுந்திருந்தால் அக்கா கடை மேலே நின்றிருக்கும். விற்கிறவர்கள் குறைவாக இருந்தவரை இது தெரியவில்லை; போட்டி கூடியதும் பிரிந்து கிடந்த மூன்றுமே கீழே போய்விட்டன.

ஒரு முகவரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்ற இரண்டைத் தட்டினாலும் அதற்கே போகும்படி திருப்பிவிட வேண்டும் என்று சொல்ல ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் டூட்டி முடித்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். காப்பி வந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"எல்லாம் ஒரே வூட்டுக்குத்தான போவுது?" என்றார் அக்கா.

"போகுதுக்கா. ஆனா அது மூணு வீடுன்னு நெனச்சிக்குது."

"அப்ப டபிள்யூ வச்சதே இருக்கட்டும்," என்றார் அண்ணன். "அதான் முழுசா இருக்கு. பாதி அட்ரஸ எவன் மதிப்பான்? ஃபாரத்துல ஒரு எடத்த உட்டுட்டாக்கூட திருப்பி அனுப்பிடறான்."

"போன்ல ஒருத்தருக்குச் சொல்லிப் பாருங்க," என்றார் அக்கா. "டபிள்யூ டபிள்யூ டபிள்யூன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க வெச்சிட்டுப் பூடறாங்க. மூச்சு வாங்காம சொல்ற மாதிரி இருக்கணும்."

எதை வைத்தாலும் தேடுபொறிக்குச் சம்மதம்தான், ஒன்றையே எல்லா இடத்திலும் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நான் நடுவில் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அந்த வீட்டில் பல வருஷமாகப் பேசாமல் இருந்ததையெல்லாம் அன்றைக்கு டபிள்யூவை வைத்துப் பேசினார்கள். எனக்கு வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். கடிகாரத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளாக் நம்பர் பேச்சு வந்ததும் அண்ணனின் குரல் மாறியது. "அத்த எடுத்துட்டா நாம யாருன்னு எப்பிடித் தெரியும்?"

"பெங்களூருல பாயசத்துக்கு முந்திரி வாங்கறவங்களுக்கு நம்ம பிளாக்கு எதுக்குண்ணே?" என்றேன். "அதுவும் இன்னும் கொஞ்ச நாள்ல நீங்க இங்க இருக்கப் போறதில்ல."

சொன்னபிறகு, கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, அவ சொல்றதே இருக்கட்டும்," என்று எழுந்து வெளியே போனார். டபிள்யூ இல்லை, பிளாக் இல்லை, எல்லாம் சின்ன எழுத்து, கடைசியில் சாய்கோடு கிடையாது. முடிவானது.

இனி பழைய முகவரிகளைத் திருப்பிவிடும் வேலை பாக்கி. வெப்சைட்டின் கணக்கு அண்ணன் பேரில் இருந்தது. உள்ளே போக ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்று பேங்க்கில் சொல்லியிருக்கிறார்களாம். யாருக்கும் என்றால் எனக்கும்தான். "நீ சொல்லிகினே வா, நா போடறன்," என்றார். நான் என் வீட்டுப் பின்பக்கத்துத் துணிகளுக்கு நடுவில் நின்று போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் மகனின் பழைய லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் தட்டினார். திருப்பிவிடுவதில் இரண்டு வகை உண்டு. தற்காலிகமாகத் திருப்புவது ஒன்று, நிரந்தரமாகத் திருப்புவது ஒன்று. "டெம்பரரி, பர்மனென்ட்னு ரெண்டு இருக்கும்ணே, பர்மனென்ட் போடுங்க," என்றேன். "ம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சும்மா," என்றார். நான் என் போனில் பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தேன். புதியதற்கு ஒழுங்காகப் போனது. அப்பாடா என்று துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கெல்லாம் எழுதி, முகவரியை மாற்றிப் போடச் சொன்னேன். அக்கா பழைய பைகளைச் சாக்கில் கட்டி ஓரம் வைத்துவிட்டுப் புதிது அச்சடித்தார். கடைக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகிற இணைப்புகளைத் திருத்தினேன். தினமும் காலையில், நான் பாத்திரத்தோடு நிற்கிற நேரம் பார்த்து, அக்கா போன் செய்வார்.

"இன்னிக்கி மேல வந்திருக்கா?"

"கொஞ்ச நாள் ஆகும்கா."

முதலில் அதை நம்பித்தான் சொன்னேன். போகப்போக வாய் மட்டும்தான் சொன்னது. தேடுபொறி அந்தப் பழைய பிளாக் நம்பர் முகவரியையே காட்டிக்கொண்டிருந்தது, அதுவும் எங்கேயோ கீழே. எங்கே ஓட்டை என்று எனக்குப் பிடிபடவில்லை. வேறு கஸ்டமர்கள் வேறு திட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பெயர் போனில் ஒளிரும்போது எடுக்கவே கை வராது. எடுக்காவிட்டாலும் மனசு கேட்காது. அவர் என்மேல் ஒரு நாளும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அண்ணன் ரிடையர் ஆனார். மாலை போட்டு, வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். பிரியாணி போட்டார்கள், நானும் போய்ச் சாப்பிட்டேன். அக்கா எல்லாரிடமும் சிரித்துப் பேசினார். கை கழுவும் இடத்தில் மட்டும் என்னிடம் மெதுவாக, "அவரு ஓசூருக்குன்னு சொல்லிட்டாரு. ஆர்டரு இல்லியே, நா இன்னான்னு பேசறது?" என்றார். நான் குழாயைத் திருகி, கழுவிய கையையே மறுபடியும் கழுவினேன்.

சாமான் கட்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. திருப்பிவிட்ட முகவரி தேடுபொறிக்கு என்ன பதில் சொல்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நம் கண்ணுக்கு இரண்டு வகையும் ஒன்றுபோலத்தான் தெரியும், கடை திறந்துவிடும். உள்ளே போகிற பதில் வேறு. அதை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே தற்காலிகம் என்று இருந்தது. ஒன்றுகூட நிரந்தரம் இல்லை.

வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். உச்சி வெயில். டவுன்ஷிப் ரோட்டில் மர நிழல் இருந்தும் அனல் முகத்தில் அடித்தது. வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

ஹாலில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அக்கா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நான் பர்மனென்ட் போடுங்கன்னு சொன்னேனே. நீங்க என்ன போட்டீங்க?"

அவர் கொஞ்சமும் பதறவில்லை. "டெம்பரரிதான் போட்டன். ஏன்?"

"ஏன்ணே?"

"ஏம்மா, எத்த எடுத்தாலும் எடுத்தவொடனே பர்மனென்ட் பண்ணுவாங்களா? நா எத்தினி வருசம் கான்ட்ராக்டுல ஓட்டிகினு இருந்துட்டு அப்புறம் பர்மனென்ட் ஆனன் தெரியுமா? மொதல்ல கொஞ்ச நாளு போட்டுப் பாக்கணும். நல்லா போச்சின்னா அப்புறம் பர்மனென்ட். ஆழம் பாக்காம கால உடக்கூடாது. நல்லா போவல, அதனால அப்பிடியே உட்டுட்டன்."

வழியில் சேர்த்துவைத்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த ஊரில் வளர்ந்தவர் வேறு என்ன போடுவார்? என் வீட்டில் ஒருவர் இத்தனை வருஷமாகக் கான்ட்ராக்டிலேயே வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே சொன்னேன்: தற்காலிகம் என்று சொன்னால் தேடுபொறி பழைய முகவரியை விடாது. எப்படியும் திரும்பி வரப் போகிறார்கள் என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கும். நல்லபடியாகப் போனால் பர்மனென்ட் செய்யலாம் என்று நீங்கள் காத்திருந்தீர்கள். நீங்கள் பர்மனென்ட் என்று சொல்லட்டும் என்று அது காத்திருந்தது.

டேப் ஒட்டும் சத்தம் நின்றிருந்தது. அக்கா கத்தவில்லை, அழவில்லை. அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஓடுதான்னு பாப்போம்னு சொன்னீங்க. ஓடவே உடலியே நீங்க."

 அண்ணன் கையில் இருந்த விசிறி இறக்கையை முன்னும் பின்னும் துடைத்தார், சுத்தமாக இருந்ததையே திரும்பத் துடைத்தார். அப்புறம் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கட்டிய பெட்டி ஒன்றைப் பிரித்து லேப்டாப்பை வெளியே எடுத்தார். ஓடிபி வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே படித்து அவரே தட்டினார். பர்மனென்ட் என்பதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தப் போட்டா மேல வந்துடுமா?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "தெரியாதுண்ணே. வாரக்கணக்குல ஆகும். வந்தாலும் பழைய எடத்துக்கே வரும்னு சொல்ல முடியாது. இப்ப முந்திரி விக்கறவங்க நெறைய பேர் வந்துட்டாங்க."

"பர்மனென்ட் பண்ணிட்டா திருப்பி மாத்த முடியாதா?"

"மாத்தலாம். ஆனா மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. விட்ட இடத்தில் இருந்து டேப்பை இழுத்து ஒட்ட ஆரம்பித்திருந்தார். அண்ணன் அழுத்தினார். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போனார். இப்படியே எல்லாவற்றையும் மாற்றினார். என் வீட்டுக்காரர் எழுந்து சாப்பாடு தேடுவாரே என்ற நினைப்போடு நான் உட்கார்ந்திருந்தேன். கிளம்பவும் முடியவில்லை.

முடித்தபிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். மகன் பேசியது எனக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி பேசிவிட்டதாகவும், ஓசூருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று டிரைவர் சொன்னதையும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்த வண்டி வேணாம்பா," என்றார் அண்ணன். "முத்தாண்டிக்குப்பத்துக்கு ஒரு வண்டி பேசு. சின்னதே போதும்."

 "எத்தன நாளைக்குப்பா அங்க?" என்று மகன் கேட்டான்.

 அண்ணன் எழுந்து போய் போனை அக்காவிடம் நீட்டினார். "இந்தா, நீயே சொல்லு."

அக்கா டேப்பின் பிசுக்கைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார்.  

"இனிமே அங்கதாம்பா. புள்ளய எடுத்துகினு நீங்க வாங்க."